சர்வீஸுக்கு டம்பரை விட மறுக்கிறார்கள், என்ன செய்வது?

கேள்வி: 2024 மே 6

அரியலூர் பக்கம் ஒரு சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் டீசல் மெக்கானிக்காகச் சேர்ந்து 8 மாதம் ஆகிறது. 60 டன் டம்பர் (கல் ஏற்றும் பெரிய லாரி) 6 ஓடுகிறது. 250 மணி நேரத்துக்கு ஒருமுறை சர்வீஸ் என்று புத்தகம் சொல்கிறது. ஹவர் மீட்டர் 340, 400 தாண்டிய பிறகுதான் வண்டியைக் கொடுக்கிறார்கள். "நிற்கிற வண்டி கல் அள்ளுமா? உடையட்டும், அப்போ பார்த்துக்கலாம்" என்கிறார் ஷிஃப்ட் இன்சார்ஜ். கணக்குப் போட்டுப் பார்த்தால் அவர் சொல்வதும் சரி மாதிரித்தான் தெரிகிறது. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

2024 மே 6, இரவு

சரியில்லை தம்பி. கணக்கையே எடுத்துக்கொள்வோம். ஒரு நடைக்கு 20 நிமிடம் என்றால் மணிக்கு 3 நடை, 180 டன். சர்வீஸுக்கு 4 மணி நேரம் நின்றால் 720 டன் போச்சு. டர்போ (எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் பாகம்) போய், மாற்றுப் பாகம் வர 3 நாள் ஆனால்? ஒரு நாளைக்கு உருப்படியாக ஓடும் நேரம் 14 மணி என்று வைத்தாலும் 42 மணி நேரம், 7,560 டன். பத்து சர்வீஸுக்கு மேல் அந்த ஒரு பிரேக்டவுன் தின்றுவிடும். அதுவும் நாம் கேட்ட நேரத்தில் வராது. ஏற்றத்தின் நடுவில், லோடோடு, இரவு ஷிஃப்ட்டில் வரும்.

நான் மத்தியப் பிரதேசத்தில் சிங்ரௌலி பக்கம் நிலக்கரிச் சுரங்கத்தில் 9 வருடம், அப்புறம் சுண்ணாம்புக்கல்லில் 22 வருடம் வேலை பார்த்தவன். ஃபிட்டராகத் தொடங்கி ஃபோர்மேனாக ஓய்வு பெற்றேன்.

2024 மே 7

நேற்று போட்ட கணக்கு தப்பில்லை. ஆனால் அதைக் காட்டினால் இன்சார்ஜ் மனம் மாறிவிடுவார் என்று எழுதாமல் எழுதிவிட்டேன். மாறமாட்டார். அவரைக் கேள்வி கேட்பது அவருடைய ஷிஃப்ட் டன்னை வைத்துத்தான். 720 டன் அவர் தலையில் விழும். 7,560 டன் அடுத்த வாரம் வேறொருவர் ஷிஃப்ட்டில் விழும். அவரைக் கெட்டவர் என்று நினைக்க வேண்டாம். அவருக்கு வைத்திருக்கும் அளவுகோல் அப்படி.

அதனால் வண்டியைக் கேட்கும் நேரத்தை மாற்றிப் பாருங்கள். வெடி வைக்கும் நேரத்தில் எல்லா வண்டியும் பிட்டை (கல் வெட்டும் குழியை) விட்டு வெளியே வந்தே ஆக வேண்டும். கிரஷர் (கல் உடைக்கும் இயந்திரம்) உள் தகடான லைனரை மாற்ற நிற்கும் நாள் முன்கூட்டியே தெரியும். ஷிஃப்ட் மாறும்போது முக்கால் மணி நேரம் எப்படியும் போகும். இந்த மூன்றையும் ஒரு தாளில் எழுதி, எந்த டம்பர் எந்த நாள் 250-ஐத் தொடும் என்று பக்கத்தில் குறித்து, வாரத் தொடக்கத்திலேயே அவரிடம் கொடுங்கள். "வண்டி வேணும்" என்று கேட்பதைவிட "வியாழக்கிழமை வெடி நேரத்துக்கு 4-ஆம் நம்பர் வொர்க்‌ஷாப்புக்கு வரும், ஆயில், ஃபில்டர் எல்லாம் எடுத்து வைத்திருக்கிறேன், இரண்டரை மணி நேரத்தில் திருப்பித் தருகிறேன்" என்று சொன்னால் மறுப்பது கஷ்டம்.

அப்புறம் சொன்ன நேரத்தில் திருப்பிக் கொடுக்க வேண்டும். எங்கள் வொர்க்‌ஷாப் பேச்சை ஒரு காலத்தில் யாரும் நம்பாததற்குக் காரணம் நாங்கள்தான். வண்டி உள்ளே வந்த பிறகுதான் ஃபில்டர் தேடி ஸ்டோருக்கு ஆள் அனுப்புவோம்.

2024 மே 9

தூசி பற்றி. இந்த மாதத்தில் சுண்ணாம்புத் தூசி மாவு மாதிரி பறக்கும், தண்ணீர் லாரி தெளித்த அரை மணியில் ரோடு காய்ந்துவிடும். ஏர் ஃபில்டரைத் தினமும் கழற்றி, உள்ளிருந்து வெளியே காற்றடித்துச் சுத்தம் செய்து மாட்டுங்கள்.

2024 மே 10

ஏர் ஃபில்டர் பற்றி நேற்று எழுதியதைச் செய்ய வேண்டாம். நெய்வேலியிலிருந்து ஒருவர் தனியாக எழுதிக் கண்டித்தார், அவர் சொல்வதுதான் சரி. தினமும் கழற்றுவதே கெடுதல். கழற்றும் ஒவ்வொரு முறையும் வெளிக்கூட்டில் இருக்கும் தூசி உள்ளே விழ ஒரு வாய்ப்பு. அடைப்பு காட்டும் இண்டிகேட்டர் சிவப்பு காட்டினால்தான் வெளி ஃபில்டரைத் தொட வேண்டும். உள்ளே இருக்கும் சின்ன ஃபில்டரைச் சுத்தம் செய்யவே கூடாது, மாற்ற மட்டும்தான். நாங்கள் ஒரு காலத்தில் தினமும் ஊதினோம், அந்தப் பழக்கத்தில் எழுதிவிட்டேன்.

அதைவிட முக்கியமான ஒன்று. ஃபில்டருக்கும் டர்போவுக்கும் நடுவே உள்ள ரப்பர் குழாய், அதன் கிளாம்ப். ஒரு வண்டியில் ஆயில் சாம்பிள் அனுப்பியபோது சிலிக்கானும் இரும்பும் சேர்ந்து ஏறிக்கொண்டே வந்தன. சிலிக்கான் என்றால் மண். மண் உள்ளே போய் எஞ்சின் சிலிண்டரின் லைனரையும் பிஸ்டன் ரிங்கையும் தேய்ப்பதால்தான் இரும்பு கூடுகிறது. நாங்கள் ஃபில்டரை மூன்று முறை மாற்றினோம். கடைசியில் பார்த்தால் அந்தக் கிளாம்ப் தளர்ந்து, குழாய்க்கு அடியில் விரல் நகம் போகும் அளவு சந்து. பத்து நிமிட வேலை. விளக்கு வைத்து அடிப்பக்கம் பார்த்திருந்தால் முதல் சாம்பிளிலேயே பிடித்திருக்கலாம்.

உங்கள் இடத்தில் ஆயில் சாம்பிள் எடுக்கிறார்களா? எடுத்தால் அறிக்கையை யார் படிக்கிறார்கள்? ஃபைலில் போட்டு வைப்பதற்கு எடுக்க வேண்டியதே இல்லை. சோடியம் ஏறினால் கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) கலக்கிறதா என்று பாருங்கள். ஒரு தடவை வந்த எண்ணை விட, மூன்று நான்கு தடவை வரிசையாக எப்படி நகர்கிறது என்பதுதான் கதை சொல்லும்.

2024 மே 22

டயர். 60 டன் வண்டிக்கு 24.00-35 அளவு. ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும். பலர் டயர் செலவை வொர்க்‌ஷாப் கணக்கில் பார்க்கிறார்கள். எனக்கு அது ரோடு கணக்கு. கல் சிதறிக் கிடக்கும் லோடிங் பாயின்ட்டில் டோசரோ லோடரோ துடைத்துக்கொண்டே இருந்தால் டயர் வெட்டு பாதியாகக் குறையும் என்பது நான் கண்ணால் பார்த்தது. பின் இரட்டைச் சக்கரத்துக்கு நடுவே கல் சிக்காமல் தள்ள ஒரு இரும்புத் தண்டு தொங்கும். அது வளைந்து போனால் யாரும் புகார் எழுதுவதில்லை. வண்டி ஓடும், பிரேக் பிடிக்கும், என்ன குறை? ஆனால் ஒரு கல் சிக்கினால் இரண்டு டயரும் பக்கவாட்டில் கிழியும்.

ரோடு கெட்டால் டீசலும் போகும். உருளும் எதிர்ப்பு (சக்கரம் உருளும்போது ரோடு பிடித்து இழுப்பது, வண்டி எடையில் இத்தனை சதவீதம் என்று சொல்வோம்) 1 சதவீதம் கூடினால் ஒவ்வொரு டன்னுக்கும் 10 கிலோ இழுவை கூடுதலாக வேண்டும். லோடோடு 100 டன் எடையுள்ள வண்டி 2 சதவீத ரோட்டிலிருந்து 5 சதவீத ரோட்டுக்குப் போனால் 3 டன் இழுவை சும்மா போகிறது. சமதளத்தில் ஓடிக்கொண்டே சின்ன ஏற்றம் ஏறுகிற மாதிரி. எஞ்சின் சூடாகிறது, கியர் இறங்குகிறது, நடை நேரம் கூடுகிறது, அப்புறம் "வண்டிக்கு இழுவை இல்லை" என்று நம்மிடம் வரும். நான் இன்ஜெக்டர் வரை கழற்றிப் பார்த்த ஒரு வண்டிக்கு உண்மையில் தேவைப்பட்டது ரோட்டைச் சமப்படுத்தும் கிரேடர்.

2024 மே 22, சற்று நேரம் கழித்து

டயர் என்றதும் இதைச் சொல்லாமல் தூக்கம் வராது. டயர் மாட்டியிருக்கும் டிஸ்க்கில், ரிம்மில் வெல்டிங் வைக்கக் கூடாது. காற்றைக் குறைத்துவிட்டு வைக்கலாம் என்பதும் கூடாது. டயரைக் கழற்றிவிட்டுத்தான். உள்ளே ரப்பர் சூட்டில் சிதைந்து எரிவாயு உண்டாகும், வெளியே ஒன்றும் தெரியாது, பிறகு குண்டு மாதிரி வெடிக்கும். வீல் நட்டு துருப்பிடித்து வரவில்லை என்று கேஸ் வைத்துச் சூடாக்குவதும் இதே ஆபத்துதான். காற்றடிக்கும்போது கூண்டுக்குள் வைத்து, நீள ஹோஸ் போட்டு, டயருக்கு நேரே நிற்காமல் பக்கவாட்டில் தள்ளி நில்லுங்கள். டயரை ரிம்மில் பிடித்து வைக்கும் லாக் ரிங் சரியாக உட்காராமல் பறந்தால் எதிரே நிற்பவர் பிழைப்பது கடினம்.

பாடியைத் தூக்கி அடியில் வேலை செய்யும்போது அது கீழே இறங்காமல் தாங்கும் பாதுகாப்பு பின்னை (pin) மாட்டாமல் ஒரு நிமிடம் கூட நுழையாதீர்கள். "ஒரு கிரீஸ் நிப்பிள்தானே" என்ற வார்த்தையை நான் நிறையக் கேட்டிருக்கிறேன். ஹைட்ராலிக் கசிவை விரலால் தடவித் தேடக் கூடாது, அட்டையை வைத்துப் பாருங்கள். ஊசி மாதிரி வரும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், வலியும் முதலில் இருக்காது. உடனே அறுவை சிகிச்சைக்குப் போகாவிட்டால் விரல் போய்விடும்.

2024 ஜூன் 14

நீங்கள் தினசரிச் சோதனைத் தாளின் படம் போட்டிருந்தீர்கள். 28 வரி, 28 டிக். முப்பது நாளும் ஒரே பேனா, ஒரே சாய்வு. எனக்கு வயிற்றைக் கலக்கியது, ஏனென்றால் இதே மாதிரித் தாளில் நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். இதை நான் இதுவரை எங்கேயும் எழுதியதில்லை.

எந்தச் சுரங்கம் என்று சொல்ல மாட்டேன். பிட்டிலிருந்து கிரஷருக்கு ஏறும் ரோட்டில் வண்டிகள் வரிசையாகக் காத்து நிற்கும். ஏற்றத்திலேயே நிற்கும். ஒரு டம்பர் ஆபரேட்டர், என்னைவிட மூத்தவர், புகார் புத்தகத்தில் எழுதினார்: "பார்க்கிங் பிரேக் பிடிப்பு குறைவு." நான் வண்டியை வொர்க்‌ஷாப் முற்றத்துக்கு வரச்சொல்லி, பிரேக் போட்டு, கியர் போட்டுத் தள்ளிப் பார்த்தேன். நின்றது. "சரிபார்க்கப்பட்டது" என்று எழுதினேன். நான்கு நாள் கழித்து மறுபடி எழுதினார். மறுபடி அதே சோதனை, அதே பதில். மூன்றாவது முறை எழுதியபோது நான் வண்டியைக் கூப்பிடக்கூட இல்லை. அந்த வாரம் உற்பத்தி நெருக்கடி. புத்தகத்தில் எழுதிவிட்டேன்.

நான்காவது முறை அவர் எழுதவில்லை.

பத்து நாள் இருக்கும். லோடோடு வரிசையில் நின்ற வண்டி பின்னால் உருளத் தொடங்கியது. அவர் சர்வீஸ் பிரேக்கை மிதித்து, ஸ்டீயரிங்கை ஒடித்து, வளைவில் இருந்த பெர்மில் (ரோட்டோர மண்மேட்டில்) பின்பக்கத்தை இடித்து நிறுத்தினார். அந்தப் பெர்ம் டயர் உயரத்துக்குக் குறையாமல் இருந்தது, முந்தின வாரம்தான் டோசர் போட்டு உயர்த்தியிருந்தார்கள். அதற்கு அப்பால் பெஞ்ச் (படி மாதிரி வெட்டிய தளம்), 9 மீட்டர் பள்ளம். சற்று முன்வரை அந்த டம்பருக்குப் பின்னால் கிரீஸ் வண்டி நின்றுகொண்டிருந்தது. இரண்டு பையன்கள் அதில்.

திறந்து பார்த்தோம். அந்த மாடலில் பார்க்கிங் பிரேக் டிஸ்க் ஷாஃப்ட்டில் இருக்கும். பக்கத்து ஆயில் சீல் கசிந்து பேடில் எண்ணெய் ஊறியிருந்தது. காலி வண்டி, சமதளம், குளிர்ந்த பிரேக் என்றால் பிடிக்கும். 100 டன் எடையோடு ஏற்றத்தில் நின்றால் பிடிக்காது. நான் செய்த சோதனை எதையும் சோதிக்கவில்லை.

அந்த ஆபரேட்டரிடம் போய், ஏன் நான்காவது முறை எழுதவில்லை என்று கேட்டேன். "எழுதினா பாக்குற ஆள் இருந்தா எழுதலாம் சார்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் இன்றுவரை உறுத்துகிறது.

2024 ஜூன் 15

அதற்குப் பிறகு என்ன மாற்றினோம் என்று மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள்.

புகார் புத்தகத்தில் "சரிபார்க்கப்பட்டது" என்ற சொல்லை நிறுத்தினோம். யார் பார்த்தது, எங்கே வைத்துப் பார்த்தது, கண்ணில் என்ன பட்டது என்று எழுத வேண்டும். எழுதிய ஆபரேட்டர் அதைப் படித்து, ஒத்துக்கொண்டால்தான் கையெழுத்துப் போட்டு வண்டியை எடுப்பார். ஒத்துக்கொள்ளாவிட்டால் மெக்கானிக் அவரோடு ஏறி ஒரு நடை போக வேண்டும். பிரேக், ஸ்டீயரிங், டயர், பாடி ஹாயிஸ்ட் (பாடியைத் தூக்கும் அமைப்பு) நான்கிலும் ஒரே புகார் இரண்டாவது முறை வந்தால் வண்டி நிற்கும், மேலாளர் உத்தரவு தேவையில்லை. பிரேக் சோதனைக்கு ஒரு சரிவான இடம் ஒதுக்கி, கீழே மண்மேடு போட்டு, தயாரிப்பாளர் புத்தகம் சொல்லும் முறைப்படி வாரம் ஒருமுறை.

முதல் மாதம் புகார்கள் இரண்டு மடங்காயின. மேலாளர் பயந்துபோனார், வண்டிகள் திடீரென்று கெட்டுவிட்டனவா என்று. கெடவில்லை. முன்பு வாயில் இருந்தது தாளுக்கு வந்தது, அவ்வளவுதான். சில புகார் அற்பமாக இருக்கும்: சீட் ஆடுகிறது, வைப்பர் கீச்சிடுகிறது. அதையும் பார்க்க வேண்டும். வைப்பரைச் சரி செய்து கொடுத்தால்தான் அடுத்த வாரம் "ஃபைனல் டிரைவ் (சக்கரத்தைச் சுற்றும் கடைசி கியர்) பக்கம் ஒரு சத்தம்" என்று எழுதுவார். அப்படி ஒருவர் எழுதிய சத்தத்தால் ஆயிலில் உள்ள இரும்புத் துகளைப் பிடிக்கும் காந்த பிளக்கைக் கழற்றிப் பார்த்தோம், பளபளவென்று செதில் ஒட்டியிருந்தது. பேரிங் மட்டும் மாற்றித் தப்பித்தோம்.

உங்கள் 250 மணி நேரச் சண்டையை விட இதைப் பெரிதாக நினைக்கிறேன். தாமதமான சர்வீஸ் கணக்கில் தெரியும். கேட்காமல் விட்ட ஆபரேட்டர் எந்தக் கணக்கிலும் தெரியமாட்டார்.

2024 ஜூன் 18

"அப்படியென்றால் சர்வீஸ் முக்கியமில்லையா" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். முக்கியம்தான். அந்த வரியை அப்படி எழுதியிருக்கக் கூடாது. 400 மணி நேரம் ஓடிய ஆயிலை எந்த ஆபரேட்டர் காதும் கண்டுபிடிக்காது.

2024 ஜூலை 30

வேறொருவர் "எங்கள் அவைலபிலிட்டி (வண்டி ஓடத் தயாராக இருக்கும் நேரம்) 92 சதவீதம், நாங்கள் நன்றாகத்தான் பராமரிக்கிறோம்" என்று எழுதியிருந்தார். இருக்கலாம். ஆனால் அந்த எண்ணுக்குள் என்ன போகிறது என்று பாருங்கள். ஒரே ஹோஸை மாதத்தில் 5 தடவை அரை மணி நேரத்தில் மாற்றினால் எண் அழகாகவே இருக்கும். அந்த ஹோஸ் ஏன் 5 தடவை போகிறது என்று யாரும் கேட்கமாட்டார்கள். கிளாம்ப் இல்லாமல் எங்கேயோ உரசுகிறது. சிங்ரௌலியில் அப்படி உரசிய ஒரு ஹோஸ் டர்போ பக்கம் பீய்ச்சி வண்டி பற்றிக்கொண்டது. எஞ்சின் அடியில் நிலக்கரித் தூசி எண்ணெயோடு அப்பிக் கிடந்தது. தானியங்கித் தீயணைப்பு அமைப்பு வேலை செய்ததால் ஆபரேட்டர் ஏணியில் இறங்க நேரம் கிடைத்தது. அந்த அமைப்பின் சிலிண்டர் அழுத்தத்தைக் காட்டும் முள்ளை அதுவரை நான் ஒருநாளும் நின்று பார்த்ததில்லை. அப்புறம் ஒருநாளும் பார்க்காமல் போனதில்லை.

எஞ்சின் அடியைக் கழுவுவதைப் பராமரிப்பாக எண்ணுங்கள். கழுவினால்தான் கசிவு தெரியும், விரிசல் தெரியும்.

2024 நவம்பர் 11

மழை. எல்லோரும் பிட்டில் தண்ணீர் இறைப்பதைப் பற்றியே பேசுகிறீர்கள். களிமண் கலந்த ரோடு ஈரமானதும் சோப்பு மாதிரி ஆகும். ரிடார்டர் (இறக்கத்தில் வேகத்தைக் கட்டுப்படுத்தும் பிரேக்) பின் சக்கரத்தில்தான் பிடிக்கும், வழுக்கும் இறக்கத்தில் சட்டென்று முழுதாக இழுத்தால் பின் சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி திரும்பும். புது ஆபரேட்டர்களுக்கு இதைச் சொல்லிக் காட்ட வேண்டியவர் மெக்கானிக் இல்லைதான், ஆனால் சொல்லுங்கள். ரோடு எப்போது மூடுவது என்று முடிவெடுக்கும் உரிமை அந்த ஷிஃப்ட்டில் யாருக்கு என்று கேட்டு வையுங்கள். காலையில் டீசல் வாட்டர் செப்பரேட்டரைத் திறந்து தண்ணீர் வடிக்காமல் ஸ்டார்ட் செய்ய வேண்டாம்.

2024 டிசம்பர் 3

தம்பி, உங்கள் பதில் பார்த்தேன். 6 வண்டியில் 4 இப்போது 270-க்குள் சர்வீஸுக்கு வருகின்றன என்பது நல்ல சேதி. வெடி நேரத் தாளை இன்சார்ஜே கேட்டு வாங்குகிறார் என்று எழுதியிருந்ததை இரண்டு தடவை படித்தேன்.

2-ஆம் நம்பர் வண்டி ஒரு பக்கம் சாய்ந்து நிற்கிறது என்று ஆபரேட்டர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள், டயர் காற்று சரியாக இருக்கிறது என்கிறீர்கள். அப்படியென்றால் சஸ்பென்ஷன் சிலிண்டர்களைப் பாருங்கள். காலி வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, நான்கு சிலிண்டரிலும் ராடு எவ்வளவு வெளியே தெரிகிறது என்று அளந்து, புத்தகத்தில் உள்ள அளவோடு ஒப்பிடுங்கள். ஒன்று தாழ்ந்திருந்தால் நைட்ரஜன் போயிருக்கும், இல்லை எண்ணெய் கசிந்திருக்கும். நைட்ரஜன் மட்டும்தான் ஏற்ற வேண்டும், வேறு எந்தக் காற்றும் கூடாது. அந்தப் பக்கத்து ஃபிரேமைக் கழுவி, வெல்டிங் ஓரத்தில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று விளக்கு வைத்துப் பாருங்கள். பார்த்ததை ஆபரேட்டரிடம் முதலில் சொல்லிவிட்டு, அப்புறம் அளவுகளை இங்கே போடுங்கள்.